காவிரி வேஷமும் ஒரு பாலே படமும்

மன்னார்புரம்,
ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

பிரியமுள்ள தங்கை லிசிக்கு அண்ணன் சவரிராயன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளை டோமினிக்கும் மாதாவின் காவலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே என்று எழுத உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. போனில் பேசினால் உன் அண்ணி செல்வமேரி பக்கத்திலேயே நின்று கேட்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுத்துப் பொடியாகத் தெரிவதால் மகள் ஷெர்லினைத்தான் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். விஷயமே ஷெர்லினைப் பற்றியது. அதனால்தான் கடிதம்.

நம் ஷெர்லின் வேலையை விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்தில் பானுமதி டீச்சரின் நாட்டியக் குழுவில் சேர்ந்தது உனக்குத் தெரியும். அடுத்த மாதம் நடக்கப்போகும் நாட்டிய நாடகத்தில் அவளுக்குத்தான் காவிரி வேஷம். கொள்ளிடம் வேஷம் அவள் சிநேகிதி பெலிண்டாவுக்கு. இந்த ஒரு வேஷத்துக்காக எத்தனை மேடையில் பின்வரிசையில் மீனாகவும் நாணலாகவும் ஆடியிருப்பாள் பாவம். சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரத்தில், டீச்சர் குழுவில் எல்லோரையும் ஒரு வெளிநாட்டுப் படம் பார்க்கச் சொன்னாராம். ஷெர்லின் டிவியில் போட்டாள். நானும் முறுக்குத் தட்டோடு உட்கார்ந்தேன்.

பாலே ஆடுகிற பெண்ணின் கதை. கால்விரல் நுனியில் நிற்கிறாள், லிசி. குதிகால் தரையில் படுவதே இல்லை, பார்க்கிற எனக்கே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பெரிய வேஷம் கிடைத்ததும் அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் போகிறது, சாப்பாடு போகிறது, கண்ணாடியைப் பார்த்தால் பயப்படுகிறாள், கூட ஆடுகிறவள் தண்ணீர் கொடுத்தால் சந்தேகப்பட்டுக் கீழே ஊற்றுகிறாள், கடைசியில் தன் நிழலோடேயே சண்டை போடுகிறாள். இவ்வளவுக்கும் காரணம் அவளைப் பெற்ற மகராசிதான். மகள் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளே கால் சத்தம் நின்றால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்கிறாள். மகளுக்கு வேஷம் போய்விடும் போலிருந்தால் ஆள் பிடித்து சிபாரிசு செய்கிறாள். பெற்றவள் இப்படியும் இருப்பாளா என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஷெர்லினோ முறுக்கைக் கடித்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு தோளை எவ்ளோ அழகா வெச்சிருக்கா பாருங்கப்பா" என்றாள். இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாளே அவள் அறையிலிருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றி மொட்டைமாடியில் சாய்த்து வைத்தேன். எதிர்வீட்டு ரோஷன் பேகம் வந்து, "அண்ணே, உங்க மாடியிலேர்ந்து வெயில் நேரா எங்க அடுப்படிக்குள்ள அடிக்குதுங்க" என்றார். வேறு பக்கம் திருப்பி வைத்தால் காக்கை வந்து கொத்துகிறது. சரி, பிள்ளையையே நேரில் கவனிப்போம் என்று அவளுக்குத் தெரியாமல் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறிப் போய், ஒத்திகை நடக்கும் கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். பானுமதி டீச்சர் எட்டிப் பார்த்து, "உள்ள வாங்க சார், பெரியவங்களுக்கும் கிளாஸ் எடுக்கிறோம்" என்றார். அந்தப் பெலிண்டா வீட்டுக்கு வந்து ஷெர்லினுக்கு மோர் கொடுத்தபோது நான் குறுக்கே வாங்கி வாழைக்கு ஊற்றிவிட்டேன். வாழை நன்றாகத்தான் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இனி ஜெபம்தான் வழி என்று பங்குக் கோயில் அலுவலகத்தில் இன்றைய பூசைக்கு ஒரு ஜெபக் கருத்துக் கொடுத்தேன். மகள் ஷெர்லினின் மனக்குழப்பம் நீங்க வேண்டி என்று எழுதினேன். கருத்துகளைப் பூசைக்கு முன்னால் மைக்கில் வாசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. நம்முடையதையும் வாசிப்பார்கள் என்பதுதான் ஏனோ தோன்றவில்லை. யாரோ ஒருவரின் நினைவு நாளுக்கும் இன்னொருவரின் மூட்டுவலிக்கும் நடுவே கணீரென்று வாசித்தார்கள். பூசை முடிந்ததும் சூழ்ந்துகொண்டார்கள். "எப்பலேர்ந்து இப்படி இருக்கு பாப்பாவுக்கு?" என்று ஒருவர். "துவாக்குடிப் பக்கம் ஒரு டாக்டர் நல்லா பாக்குறாருங்க" என்று இன்னொருவர். ஓர் அம்மா ஷெர்லின் தலையில் கைவைத்து ஜெபிக்கவே ஆரம்பித்துவிட்டார். ஷெர்லின் எல்லோருக்கும் பொறுமையாக நன்றி சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறி, "எனக்குக் குழப்பம்னு உங்ககிட்ட யாருப்பா சொன்னா?" என்று மட்டும் கேட்டாள். உன் அண்ணி வீடு வரும்வரை ஜெபமாலை உருட்டினாள். அது இன்னும் பயமாக இருக்கிறது.

ஆகையால் லிசி, பானுமதி டீச்சர் உன்னோடு காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர், உன் பேச்சைத் தட்டமாட்டார். நீ வந்து, அந்தக் காவிரி வேஷத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். பேரும் புகழும் நமக்கு எதற்கு? பிள்ளை நிம்மதியாக இருந்தால் போதும் எனக்கு.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். ஆண்டவர் உங்கள் வீட்டையும், மாப்பிள்ளையின் வலிக்கிற முழங்கால்களையும் காப்பாராக.

அன்புள்ள அண்ணன்,
சவரிராயன்

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ளது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. பானுமதி டீச்சர் இப்போதுதான் போன் செய்தார். பூசையில் வாசித்ததைக் கேட்டுப் பெலிண்டா பதறிப்போய் அவரிடம் சொல்லியிருக்கிறாள். "பிள்ளையோட மனசுதான் சார் முக்கியம். ஷெர்லின் கொள்ளிடமா ஆடட்டும், காவிரியைப் பெலிண்டா பாத்துக்குவா" என்று போனை வைத்துவிட்டார். என் மகள் கொள்ளிடமா, லிசி? காவிரியில் மிஞ்சுகிற தண்ணீரை வாங்கிக்கொண்டு ஓரமாய் ஓடவா இவ்வளவு பாடுபட்டாள்? ஷெர்லின் கேட்டுவிட்டு, "கொள்ளிடமும் ஆறுதானேப்பா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. இவ்வளவு உறுதியான மனசுள்ள பிள்ளையையா குழப்பம் என்றார்கள்? கடிதம் கிடைத்ததும் முதல் பஸ்ஸில் வந்து டீச்சரிடம் பேசு. பெற்றவன் நான் போய்க் கேட்டால் அந்தப் படத்து அம்மா மாதிரி ஆகிவிடும், அத்தை நீ கேட்டால் தப்பில்லை. கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிட்டேன். இப்போது அவள் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உள்ளே கால் சத்தம் நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டுவிட்டு வந்து கவரை ஒட்டுகிறேன்.