ஜிம்மிக்கு வீடு பார்த்த பெரிய கரண்டி

பெரிய கரண்டி குறை சொல்லாத சாப்பாடு ஜவ்வாது மலையில் ஒன்றுகூட இருந்ததில்லை. கல்யாணப் பந்தியில் கோபித்துக்கொண்டு பாதியில் எழுவார். அடுத்த பந்தியில் மறுபடி உட்காருவார், சரி செய்துவிட்டார்களா என்று பார்க்க.

காவலூரில் தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு ஒரு மெஸ் இருந்தது. அங்கே அவர் சமையல்காரர், நான் காய் அரிகிறவள். அவருடைய நிஜப்பெயர் எனக்குத் தெரியாது; கேட்க வெட்கம். வேலை செய்த காலமெல்லாம் "ம்" என்பதற்கு மேல் நான் அவரிடம் பேசியதில்லை.

ஒரு ஆபீசர் வடக்கே மாற்றலாகிப் போகும்போது தன் சீமை நாயை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பேர் ஜிம்மி. உடம்பு கன்றுக்குட்டி அளவு, முடி கம்பளி மாதிரி, குணம் பச்சைப்பிள்ளை. கோழி அதட்டினால் கட்டிலுக்கடியில் ஒளியும். தலை மட்டும்தான் உள்ளே போகும்.

வருஷம் எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ இருக்கும், கரண்டி ரிட்டையர் ஆனார். செங்கத்தில் மகன் வீட்டுக்குப் போக வேண்டும். மருமகள் சொல்லியனுப்பிவிட்டாள்: "மாமா வரட்டும். நாய் வந்தா நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிட்றேன்." அதற்குள் ஜிம்மிக்கு ஒரு வீடு கிடைக்காவிட்டால், பூட்டின குவார்ட்டர்ஸ் வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அதைச் சொல்லும்போது மட்டும் கரண்டி அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பது என்று முடிவானால்தான் பிள்ளை வீட்டில் கை நனைப்பார்கள். கரண்டி தலைகீழ். ஜிம்மியைக் குளிப்பாட்டிச் சீவிக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். முதலில் சாப்பாடு, பிறகுதான் பேச்சு.

புளி வியாபாரி வீட்டில் அவர் சாப்பிட்டதைப் பார்த்து, சம்மந்தம் முடிந்தது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ஜிம்மியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். முற்றத்தில் காயவைத்த புளியின் மேல் படுத்து நன்றாகப் புரண்டது. கரண்டி கை கழுவிக்கொண்டு சொன்னார்:

"கொழம்புல புளி தூக்கலா கீது. இத துன்னா என் ஜிம்மிக்கு வயிறு கெட்டுடும்."

"கை நனைச்சிட்டு இன்னாய்யா பேச்சு இது?"

"நனைச்சாதான தெரியுது."

"இட்டுக்கினு போய்யா. என் புளியில பாதி அது மேலதான் போவுது."

தேன் எடுக்கிறவர் வீட்டில் கீரை மசியவில்லை. வாத்தியார் வீட்டில் சோறு குழைந்துவிட்டது. "நாங்க கேட்டது நாயத்தான், மாமியார இல்ல" என்று வாத்தியார் சம்சாரம் கதவைச் சாத்திக்கொண்டது.

பஸ் ஏறுவதற்கு முந்தின நாள், என் புருஷன் அவரை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார். களி கிண்டி, அவரைக்கொட்டைக் குழம்பு வைத்தேன். கரண்டி ஒரு வாய் போட்டார்.

"களி கட்டி தட்டிப் போச்சேம்மா. இத எப்பிடி அது துன்னும்?"

ஜிம்மி என் கால்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. நாளைக்கு இது எங்கே படுக்கும் என்று நினைத்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வூடு நாய்க்குப் பாக்கறீங்களா, உங்களுக்குப் பாக்கறீங்களா?"

என் புருஷன் தண்ணீர்ச் செம்பைக் கீழே போட்டுவிட்டார். கரண்டி என்னையே பார்த்தார். பிறகு என் புருஷனிடம் கேட்டார்: "இந்தப் பொண்ணு பேசுமா?"

"எனக்கே இப்பதாங்க தெரியும்."

கரண்டி தட்டை என் பக்கம் நகர்த்தினார். "இன்னொரு உருண்டை வைம்மா."

அப்புறம் மாதா மாதம் செங்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் பஸ் பிடித்து வருவார். குழம்பு தண்ணி, பொரியல் தீய்ஞ்சி போச்சு என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் ஜிம்மியின் முதுகைத் தடவுவார்.

ஜிம்மி வயதாகிச் செத்துப்போன சேதி கேட்டும் வந்தார். பலாமரத்தடியில் புதைத்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். ஒரு குறை சொல்லவில்லை. குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

அவர் போன பிறகுதான் நான் ஒரு வாய் போட்டேன். குழம்பில் உப்பே இல்லை.