பொய்ச் சாட்சிக்கு ஒரு லெக் பீஸ்

என்னிடம் ஒரு தினசரி காலண்டர் தாள் இருக்கிறது. ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை, சூலம் மேற்கு. ஆண்டு அச்சாகியிருந்த மூலையைக் கரப்பான் தின்றுவிட்டது. (தேதி போடாமல் மளிகைச் சீட்டுகூட எழுதாத எனக்கு இப்படி ஒரு கரப்பான்!) கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆவதற்கு முந்தைய தாள் என்பது வரை உறுதி. அதன் பின்பக்கத்தில் என் கையெழுத்தில் இருப்பது இது: ‘கடன் பதினெட்டாயிரம். சம்பளம் மாதம் பதினைந்தாயிரம். இரண்டாம் மாதம் கடன் முடியும். மூன்றாம் மாதம் பைக்.’

நான் இதுவரை எழுதியதில் இதைவிடத் துணிச்சலான கற்பனை வேறில்லை.

பிளஸ் டூவை எப்படியோ கரையேறிய கையோடு, கள்ளக்குறிச்சியில் ஒரு சமுதாயக் கல்லூரியில் குற்றவியல் நீதிச் சான்றிதழ் படிப்பது என்று முடிவு செய்திருந்தேன். ஒரு வருடப் படிப்பு. நூலகத்தில் இருந்த துப்பறியும் நாவல்கள் அத்தனையும் படித்தாகிவிட்டதால் பாதிப் படிப்பு முடிந்த மாதிரிதான் என்று நினைப்பு. மீதிப் பாதிக்குப் பணம் வேண்டும். எங்கள் வீட்டில் பணம் இருந்தது ஒரே இடத்தில், அக்கா செல்வியின் கழுத்தில். மூங்கில்துறைப்பட்டில் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்து, தன் கல்யாணத்துக்கென்று அவளே வாங்கிய செயின். அதை அடகு வைக்கத்தான் அந்தக் கணக்கை எழுதிக்கொண்டு போய் நீட்டினேன்.

“யார்ரா சொன்னது பதினஞ்சாயிரம்னு?”

“காலேஜ்லயே சொன்னாங்கக்கா.”

“ஃபீஸ் வாங்கறவன் கம்மியாவா சொல்லுவான்? படிச்சு முடிச்சவன் ஒருத்தன வூட்டுக்கு இட்டுனு வா. நான் கேக்கறேன். சரியா இருந்தா கழட்டித் தரேன்.”

தேடிப் பிடித்தேன். வெள்ளிமலைக்காரர், பெயர் ஏழுமலை. முந்தைய வருடம் அதே படிப்பைப் படித்துவிட்டு, கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டியாக நின்றிருந்தார். தலை கிட்டத்தட்ட கடையின் பெயர்ப் பலகையைத் தொட்டது. ஒப்பந்தம் இதுதான்: அக்கா சம்பளம் கேட்டால் பதினைந்து என்று சொல்ல வேண்டும். கூலி, நாட்டுக்கோழிக் குழம்புடன் மதியச் சாப்பாடு. அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. (சாட்சியைத் தயார் செய்வது குற்றம் என்பது அந்தப் படிப்பிலேயே ஒரு பாடமாம். நான்தான் இன்னும் சேரவில்லையே.)

ஞாயிற்றுக்கிழமை வந்தார். யூனிபார்மிலேயே வந்தார். அங்கேதான் முதல் கோளாறு. விடுமுறை நாளில், வெளியூரிலிருந்து, விறைப்பாக ஒரு வயசுப் பையன் வந்து உட்கார்ந்தால் அம்மா வேறென்ன நினைப்பாள்? “எதுக்கும் இருக்கட்டும்” என்று கோழியோடு கேசரியும் கிண்ட ஆரம்பித்தாள். எதிர் வீட்டு அஞ்சலை அத்தை கதவோரம் நின்று எட்டிப் பார்த்தது.

“மாப்ள நல்ல ஒசரம். சம்பளம் இன்னாவாம்?”

இலை போட்டார்கள். அக்கா குழம்புச் சட்டியோடு எதிரில் உட்கார்ந்தாள். கரண்டியில் ஒரு லெக் பீஸ்.

“இன்னா சம்பளங்க உங்களுக்கு?”

“பதினஞ்சுங்க.” கண் என் மேல் இருந்தது.

கரண்டி இலைக்கு மேலேயே நின்றது. இறங்கவில்லை.

“பதினஞ்சா? எந்தக் கடையில?”

“கடையிலதாங்க… பதினஞ்சு… கொஞ்சம் கம்மியா இருக்கும்.”

“எவ்ளோ கம்மி?”

அவர் லெக் பீஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி லெக் பீஸைப் பார்த்தார். நான் அவருக்கு வாக்களித்தது குழம்பு மட்டுமே, துண்டைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை.

“ஏழாயிரத்து ஐநூறுங்க. தம்பிதான் பதினஞ்சுன்னு சொல்லச் சொன்னாப்ல.”

லெக் பீஸ் இலையில் விழுந்தது. அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். “சேர்றதுக்கு முன்னாடியே பொய்ச் சாட்சியாடா? நீ படிக்கவே வேணாம், நேரா உள்ள போயிடலாம்!”

அக்கா சிரிக்கவில்லை. அடுத்த கரண்டியை எடுத்தாள். “அந்த வேலைக்கு இந்தப் படிப்பு வேணும்னு கேட்டாங்களா?”

“இல்லீங்க. ஒசரந்தான் பாத்தாங்க.”

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மேலிருந்து கீழே பார்த்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

“ஃபீஸ் எப்படிக் கட்டுனீங்க?”

“எங்கப்பா ஏர் மாடு ரெண்டையும் வித்தாருங்க. சம்பளத்துல மிச்சம் புடிச்சு ஒண்ண திருப்பி வாங்கிட்டேன். இன்னொண்ணு இனிமேதாங்க. அதுவரிக்கும் பக்கத்து வூட்டு மாட்ட ஜோடி சேத்து ஓட்டிக்கினு இருக்கறாரு.”

என் காலண்டர் கணக்கில் மாடே வரவில்லை. பஸ் கட்டணம், வாடகை, சாப்பாடு, வட்டி எதுவுமே வரவில்லை. பைக் மட்டும் வந்திருந்தது. அப்போதுதான் அம்மா, நேரம் காலம் தெரியாமல், தட்டு நிறையக் கேசரியோடு உள்ளே வந்தாள். பின்னாலேயே அஞ்சலை அத்தை: “அப்போ எப்போ தட்டு மாத்தறீங்க?”

நான் எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டேன். எங்களிடம் மாடு கிடையாது, விறகுதான் இருந்தது. அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

செயின் கழுத்திலேயே இருந்தது. நான் அந்த அரவைப் பருவம் முழுக்கச் சர்க்கரை ஆலையில் கரும்பு டிராக்டர்களுக்கு லோடு எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழுமலையோ யூனிபார்ம் பேண்ட் இடுப்பு லூஸ் என்று ஒருமுறை, டைட் என்று மறுமுறை வெள்ளிமலைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடையாக நடந்தார். தை மாதம் அக்காவுக்கும் அவருக்கும் கல்யாணம். தாலி ஏறிய கொஞ்ச நாளில் அக்காவே போய் செயினை அடகு வைத்து இன்னொரு மாட்டை வாங்கினாள். எந்தத் தாளிலும் கணக்கு எழுதவில்லை. செயினையும் பின்னாளில் மீட்டுவிட்டாள்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது வேலை கிடைத்துவிட்டது, சம்பளம் இவ்வளவு என்று சொன்னால், சின்னப் பிள்ளைகள்கூட, “லெக் பீஸ் போட்டுக் கேட்டீங்களா?” என்கிறார்கள். உடனே எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. மாமாவின் அந்தச் சான்றிதழை எங்கள் வீட்டில் எவரும் கண்ணால் பார்த்ததில்லை. பரணில் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னார். கடைசித் தவணை கட்டாததால் காலேஜிலேயே இருக்கிறது என்று இன்னொரு முறை சொன்னார். அக்காவைக் கேட்டால், “அத்த மட்டும் நான் கேக்கவே இல்லடா” என்கிறாள். அவர் அந்தப் படிப்பை முடித்தாரா, இல்லையா என்பது இந்தக் கட்டுரை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.