ஒன்பது அளவு ஜாக்கெட்டுகள்

அன்புத் தங்கை ஆவுடையம்மாளுக்கு,

தாராவியிலிருந்து அண்ணன் கோமதிநாயகம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. ஆழ்வார்குறிச்சியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், அதனால் எழுதிப் பார்சலுக்குள் வைக்கிறேன்.

டவுன் ரெடிமேட் கடைகளால் உன் தையல் மிஷின் சும்மா கிடக்கிறது என்றபோது, வாட்ஸ்அப்பில் கடை போடு, பம்பாய் ஆர்டர் பிடித்துத் தருகிறேன் என்று மார்தட்டியவன் நான்தான். "அளவு ஜாக்கெட் இல்லாம எப்படிண்ணே தைக்க?" என்றாய். "இது டிஜிட்டல் காலம்ளா, அவங்களே அளந்து போன்ல போடுவாங்க" என்றேன். போட்டார்களே! ஆளாளுக்குக் கல்யாணத்தன்று இருந்த அளவைப் போட்டார்கள். மாட்டுங்கா பாகீரதி மாமியின் பஜனை கோஷ்டிக்கு நீ தைத்த ஒன்பதில் ஒன்றுகூட யாருக்கும் நுழையவில்லை. மாமி நல்ல மனுஷி. "தையல்ல குத்தமே இல்ல. ஆனா நவராத்திரிக்குள்ள சரியா வரலேன்னா மத்தவா கடைக்குத்தான் போவா" என்றார்.

அன்றிலிருந்து, அறுபத்திரண்டு வயதில், வீடு வீடாகப் போய், நுழையாததைத் திரும்ப வாங்கி, கூடவே அளவு ஜாக்கெட்டும் வாங்குகிறேன். செம்பூரில் ஒரு வாட்ச்மேன் பையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். லிஃப்டுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். நாற்பது வருஷ இந்தி அந்த நேரம் பார்த்துக் கைவிட்டது. தங்கச்சி வேலை என்று சொல்லப்போய், "மேரி பஹன் கா", எல்லாம் என் தங்கச்சியோடது என்று உளறினேன். "கித்னி பஹன் ஹை?" என்கிறான், எத்தனை தங்கச்சியாம்! வீட்டுக்கு வந்தால் உன் மதினி செண்பகம், "ஊர்ப் பொம்பளைய ஜாக்கெட்டுக்கு எல்லாம் என் வீட்டுல என்ன சோலி?" என்று ரெண்டு நாள் சோறு போடவில்லை. உன் தையல் கோணல் என்று இருபது வருஷமாகச் சொல்பவள், உன்னோடு போனில்கூடப் பேசாதவள், சும்மா இருப்பாளா?

ஆகவே இதுதான் கடைசி. தைத்த ஒன்பதும் அளவு ஜாக்கெட் ஒன்பதும் உள்ளே இருக்கின்றன. பிரித்து, பெரிதாக்கி அனுப்பிவிட்டுப் போன் கடையை மூடிவிடு. ஆசைகாட்டி இழுத்துவிட்டவனே மூடச் சொல்வது எனக்கு எவ்வளவு வலிக்கிறது தெரியுமா?

என்றும் கண்ணாடி போடாமல் ஊசி கோக்கும் கண்ணோடு நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அண்ணன்,
கோமதிநாயகம்

பின்குறிப்பு: பார்சல் ஒட்டும்முன் எண்ணினேன். தைத்தவை எட்டுதான். ஒன்பதாவது உன் மதினி உடம்பில்! கச்சிதமாகப் பொருந்தியதாம், ஒரு வாரமாக நான் வெளியே போனதும் போட்டுப் பார்க்கிறாளாம். கழற்றித் தந்துவிட்டாள், தன் அளவு ஜாக்கெட்டையும் தீபாவளித் துணியையும் சேர்த்து. மேலே எழுதியதை அடித்துவிடு, கடையை மூடாதே. கை எவ்வளவு நீளம் என்று கேட்டுப் போன் பண்ணு. போனை அவளே எடுப்பாளாம்.