விரிசலுக்கு முதல் பரிசு

அணிநாடு எங்கே இருக்கிறதென்று வரைபடத்தில் தேடாதீர்கள். நமக்கு வெகு தூரம் என்றே வைத்துக்கொள்வோம். அந்நாட்டு மன்னருக்கு உள்ளதை உள்ளபடி சொன்னால் காது வலிக்கும். ஆகவே, அரசுக்கு எழுதும் எதிலும் அணி இருக்க வேண்டுமென்று ஆணை பிறந்தது. மன்னரைப் பற்றியதென்றால் உயர்வு நவிற்சி, அதாவது எதையும் பெரிதாக்கிச் சொல்வது. துயரத்துக்கு மங்கல வழக்கு: பசியை விரதம் என்றே எழுத வேண்டும். அந்த ஆண்டு நாடே விரதமிருந்தது. பக்தி பெருகிவிட்டதென்று கஞ்சித் தொட்டிகளை மூடிவிட்டார்கள்.

சனங்கள் மட்டும் என்ன, சும்மாவா இருந்தார்கள்? நேராகப் பேசினால் சிறை என்றதும், நினைப்பதை வேறொன்றின் மேல் ஏற்றிச் சொல்லப் பழகிவிட்டார்கள். வண்டி குடைசாய்ந்தது என்றால் ஆட்சி. மாடு கொழுத்தது என்றால் அமைச்சர்.

அங்கே பெரிய ஏரியின் கரைக்குக் காவல் இருந்தவள் அஞ்சலை. கரைக்குக் கீழே முந்நூறு வீடுகள்; அவற்றிலொன்றில் அவளைத் தாயாக வளர்த்த அக்கா ராக்கம்மா. ஐப்பசி மழையில் மதகுக்குப் பக்கத்தில் கை நுழையும் அளவு கரை பிளந்தது. அஞ்சலை விழுந்தடித்துக்கொண்டு நகரத்துக்குப் போய், கரையில் விரிசல், உடனே மண் மூட்டை வேண்டுமென்று மனுக் கொடுத்தாள். அணி இல்லையென்று மனு திரும்பி வந்தது. பாவம், எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து உவமை சேர்த்தாள்: மன்னரின் புன்னகைபோல் கரை மெல்ல இதழ் விரிக்கிறது. அணித்துறை ஆணையர் படித்து உருகிப்போனார்.

பதினைந்தாம் நாள் மேளதாளத்தோடு ஊருக்குள் வண்டி வந்தது. மண் மூட்டைதான் என்று அஞ்சலை ஓடினாள். சால்வை வந்திருந்தது. ஆண்டின் சிறந்த உவமைக்கு முதல் பரிசு என்று ஆணையரே வந்து போர்த்தினார்.

"ஐயா, கரை நெசமாவே பொளந்திருக்குங்க. ஒரு எட்டு வந்து பாருங்க."

ஆணையர் வருத்தத்துடன் தலையசைத்தார். "பார்த்துவிட்டால் உள்ளபடி எழுத நேரிடும், அம்மா. அது குற்றமாயிற்றே."

சால்வை வந்த மூன்றாம் நாள் மத்தியானம் கரை சரியத் தொடங்கியது. கரை உடையுது, மேட்டுக்கு ஓடுங்க என்று அஞ்சலை தெருத்தெருவாகக் கத்தினாள். வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஒருவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சரியாகச் சொன்னாயென்று அவள் தோளைத் தட்டினார்.

அக்கா ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். "ராஜாங்கம் உடையப்போவுதுன்னு எனக்கும் தெரியுதுடி. அதுக்காக வீதியில கத்துவியா? உள்ள போட்டுருவாங்க."

"ஏரிக்கா. நம்ம ஏரி. தண்ணி வருது."

"தண்ணின்னா சனங்களா?" என்று கேட்டாள் அக்கா.

அதற்குள் வெள்ளம் தெருவுக்கு வந்துவிட்டது. அஞ்சலையின் பிடியில் அக்காவின் கை இருந்தது. தெருக்கோடிப் புளியமரம் வரைக்கும் இருந்தது.

மன்னரின் பாதம் தொடும் ஆசையில் ஏரி ஓடி வந்ததாக அரசு அறிக்கை வெளியிட்டது. ஏரியின் மேல் அரசு தன் கற்பனையை ஏற்றியிருப்பதால் அது தற்குறிப்பேற்ற அணி என்று அடிக்குறிப்பும் இருந்தது. செத்தவர்களின் பெயர்கள் அதில் இல்லை.

அஞ்சலை கால் போன போக்கில் நடந்து வேறொரு ஊருக்குப் போனாள். அங்கே ஒரு வீட்டில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். என்ன நடந்ததென்று கேட்டார்கள்.

"ஏரி உடைஞ்சுது. எங்க அக்கா செத்துட்டா."

வீட்டுக்காரர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழிட்டார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"அக்கான்னு யாரைச் சொல்றே?"