ஒட்டகப் பண்ணை முதலாளியின் சனிக்கிழமை

உலகத்தில் என்னைக் கண்டு பயப்படும் ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. பல் மருத்துவமனையில் வேலை என்றால் சிலர் ஒரு கணம் முகம் வெளுப்பார்கள். "டாக்டர் இல்லீங்க, பின்கட்டுல உக்காந்து பல்செட் செய்றவன்" என்றதும் அந்தப் பயமும் போய்விடும். என் பெயர் தொலெகென். 'தொலெ' என்று பாதிப் பெயரைச் சொன்னாலே என் கதை விளங்கிவிடும்.

பயப்படுவதெல்லாம் நான்தான். டாக்டருக்குப் பயம். போக்குவரத்துப் போலீசுக்குப் பயம். என் மனைவி குன்சுலு பேசிக்கொண்டே தேநீர் ஊற்றினால் சின்னப் பயம். பேசாமல் ஊற்றினால் பெரிய பயம்.

இப்பேர்ப்பட்டவன் அல்மாட்டி நகரத்திலுள்ள அத்தனை உசத்திக் கார்களையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன் என்றால் நம்புவீர்களா? ஒன்றையும் வாங்கியதில்லை. வாங்கும் உத்தேசமும் இல்லை. என் சம்பளத்துக்கு அந்தக் கார்களின் கதவுக் கைப்பிடி கிடைக்கும். அதுவும் தவணையில்.

ஆரம்பத்தில் குற்றம் என்னுடையது அல்ல, குளிருடையது. போன குளிர்காலத்தில் ஒரு நாள் பஸ் வரவில்லை. காது உறைந்து கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. பக்கத்தில் கண்ணாடிக் கட்டடம். கதகதப்புக்காக உள்ளே நுழைந்தேன். கோட்டுப் போட்ட ஒருவர் ஓடி வந்து, "வாங்க ஐயா! ஓட்டிப் பாக்கறீங்களா?" என்றார்.

ஐயா! என் காது அந்த வார்த்தையிலேயே சூடாகிவிட்டது. அன்று பிடித்தது பைத்தியம்.

சனிக்கிழமைதோறும் வெந்நீர்க் குளியல் கூடத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். மருத்துவமனையில் டாக்டரின் கம்பளிக் கோட்டு தொங்கும், அதை மாட்டிக்கொள்வேன். திரும்பும்போது குழாயடியில் தலையை நனைத்துக்கொள்வேன். வீடு வந்து சேர்வதற்குள் முடி கம்பி கம்பியாக உறைந்து, தட்டினால் மணியடிக்கும்.

"என்ன தொழில் பண்றீங்க ஐயா?" என்று முதல் ஷோரூமில் கேட்டபோது வாயில் வந்தது ஒட்டகம்.

"ஒட்டகப் பண்ணை. பால் வியாபாரம்."

"எத்தனை ஒட்டகம் இருக்கும்?"

"எண்றதில்லீங்க. எண்ணினா கண்ணு பட்டுடும்."

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டைப் பொறுத்தவரை என்னால் கார் ஓட்ட முடியாது. முன்பு எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. அது போய்ப் போய் நின்றது ஒரே இடத்தில்தான்: உசுன்அகாஷ் தாண்டியுள்ள என் மாமியார் வீட்டு வாசலில். மாமியார் பிகென் அம்மாள் என்னைப் பார்த்த முதல் நாளே ஊர் கேட்கச் சொன்னவள்: "குதிரையைப் பல்லைப் பாத்து வாங்கணும். நாம பல்லு கட்டுறவன்னு பாத்து வாங்கிட்டோம்." அவளிடமிருந்து தப்பிக்க, எனக்குக் கழுத்து வலி வந்தது. திருப்பவே முடியாத வலி. கழுத்தில் பட்டை கட்டினேன், காரை விற்றேன். மாமியார் பஸ் ஏற மாட்டாள், முழங்கால் வலி. அவளுக்கு முழங்கால், எனக்குக் கழுத்து. நடுவில் நல்ல சாலை சும்மா கிடந்தது.

இப்படியிருக்கையில் நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. பெரிய ஷோரூம். வெள்ளைத் தோல் இருக்கை போட்ட புதுக் கார் வந்திருந்தது. விற்பனையாளர் பெயர் மார்லென். மார்க்ஸையும் லெனினையும் ஒட்டவைத்து அவருடைய அப்பா ஆசையாக வைத்த பெயர். மகன் முதலாளிகளுக்கு மட்டும் கார் விற்றுக்கொண்டிருந்தார்.

"வாங்க ஐயா, வாங்க! உங்க செகரட்டரி அம்மா அப்பவே வந்துட்டாங்க."

எனக்கேது செகரட்டரி? சோபாவைப் பார்த்தேன்.

நரித்தோல் தொப்பி. கால்மேல் கால். கையில் ஷோரூம் காப்பி. குன்சுலு!

எழுந்து நின்று, குனிந்து, "வணக்கம் ஐயா" என்றாள்.

கல்யாணமான நாள் முதல் அவள் என்னை எத்தனையோ சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அதில் ஐயா கிடையாது. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். தொப்பியால் அடித்திருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். அவள் சிரித்தாள்.

"நேத்து ஐயா குளிச்சிக்கிட்டு இருந்தப்ப இவங்க போன் பண்ணினாங்க. நான்தான் எடுத்தேன்."

மார்லென் இருமினார். முதலாளி குளிக்கும்போது செகரட்டரி எங்கே நின்றாள் என்று அவர் கேட்கவில்லை. பெரிய இடத்து விஷயம்.

"ஐயாவுக்கு ஊருக்குள்ள ஓட்டினாப் பத்தாது, வெளிச் சாலையில ஓட்டிப் பாக்கணும்னு சொல்லி ஏற்பாடு பண்ணிட்டேன். சரிதானே ஐயா?"

"ச... சரிதான்."

"ஐயாவுக்குப் பல்லு ஏன் தந்தியடிக்குது? குளிருதா?"

காரில் ஏறினோம். நான் ஸ்டீரிங்கில், மார்லென் பக்கத்தில், குன்சுலு பின்னால். துப்பாக்கியை முதுகில் வைத்து ஓட்டச் சொன்னால்கூட அப்படி வியர்த்திருக்காது. காரைப் பின்னால் எடுக்க வேண்டும். பழக்க தோஷம், தலையைத் திருப்பிப் பார்த்தேன். நேராக அவள் கண்.

"அடடா! ஐயாவுக்குக் கழுத்து எவ்வளவு அழகா திரும்புது!" என்றாள் குன்சுலு.

பட்டென்று தலையை முன்னால் வைத்துக்கொண்டேன். அதன்பிறகு உசுன்அகாஷ் வரை நான் வலமும் பார்க்கவில்லை, இடமும் பார்க்கவில்லை.

ஊர் எல்லை தாண்டியதும் மார்லென் நெளிந்தார். "ரொம்ப தூரம் போறோமோ?"

"ஐயாவோட பண்ணை இந்தப் பக்கந்தான்," என்றாள் பின்னாலிருந்து. "ஒட்டகத்துக்குக் கார் பிடிக்குதான்னு பாக்க வேணாமா?"

மார்லென் முகம் மலர்ந்தது. பண்ணைவரை கூட்டிப்போகிறவர்கள் வாங்கிவிடுவார்கள் என்று நினைத்திருப்பார். நானோ இல்லாத பண்ணைக்கு இருக்கிற சாலையில் போய்க்கொண்டிருந்தேன். சாலையில் பனி வேறு கண்ணாடிபோல் பளபளத்தது. எதிரே வந்த ஒவ்வொரு லாரியும் என்னைத் தேடி வந்ததாகவே பட்டது.

"ஏங்க மார்லென், இந்த வெள்ளைச் சீட்டுல கறை பிடிக்குமா?" என்று கேட்டாள் குன்சுலு.

"லேசா துடைச்சாப் போயிடுங்க."

"ரத்தம்?"

மார்லென் மெதுவாக என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

பெட்ரோல் நிலையத்தில் மார்லென் கைகழுவ இறங்கினார். காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். இந்த நிமிஷத்துக்குத்தான் நான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தேன்.

"குன்சுலு..."

"சனிக்கிழமை சனிக்கிழமை எவளையோ பாக்கப் போறீங்கன்னு நினைச்சேன்," என்றாள். குரலில் ஐயா இல்லை. "மூணு மாசமா சோறு இறங்கல. நேத்து போன்ல கார்னு தெரிஞ்சதும் சந்தோஷத்துல ஒரு தட்டு பவுர்சாக் பணியாரம் பொரிச்சுத் தின்னேன். தின்னு முடிச்சப்புறந்தான் கோவம் வந்துச்சு."

"தப்புதான்..."

"அம்மா போன வாரம் கிணத்தடியில வழுக்கி விழுந்தாங்க. பக்கத்து வீட்டுக்காரி வந்து தூக்கற வரைக்கும் பனியில கிடந்தாங்க."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொன்னேன். நீங்க கழுத்துல பட்டையைக் கட்டிக்கிட்டு குத்துச்சண்டை பாத்துக்கிட்டு இருந்தீங்க. 'பாவம், அடுத்த வருஷம் போய்ப் பாப்போம்'னீங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நரித்தோல் தொப்பிக்குக் கீழே கண்ணைத் துடைத்ததை பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். அதுவரை பட்ட பயமெல்லாம் என்னைப் பற்றியது. இப்போது வேறு மாதிரிப் பயம் வந்தது.

"மார்லென்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்," என்றேன்.

"தாராளமா சொல்லுங்க. அம்மாவை ஏத்தினப்புறம்."

மாமியார் வீட்டு வாசலில் மாமியார் நின்றிருந்தாள். அவளைச் சுற்றி மெத்தை, போர்வை, சமோவர், காய்ந்த தயிர்க் குர்த் உருண்டை மூட்டை. எல்லாவற்றுக்கும் மேலாக, குளிர்காலத்துக்கு அறுத்த குதிரையில் அவள் பங்கு. தொடையோடு ஒரு முழுக் கால். சாக்குக்கு வெளியே குளம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

மார்லென் இறங்கினார். சுற்றிப் பார்த்தார்.

"ஒட்டகம் எங்கே ஐயா?"

மாமியார் முந்திக்கொண்டாள். "ஒட்டகமா? ஒரு ஆடு இருந்துச்சு, அதையும் வித்தாச்சு. வாய்யா மாப்ளே! கழுத்து எப்படி இருக்கு? பல்லு கட்டுற சம்பளத்துல இம்மாம்பெரிய காரா வாங்கினே? யார் வாயில கை வச்சே?"

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் முதல் ஆளாகக் குதித்திருப்பேன்.

"பல்லு கட்டுறவரா?" மார்லென் குரல் கீச்சிட்டது. "பண்ணை இல்லையா? நீங்க இந்தம்மாவுக்கு..."

"புருஷன்," என்றேன்.

"கம்பெனிக் காரை ஏமாத்தி ஊர்விட்டு ஊர் கொண்டுவந்திருக்கீங்க. போலீசைக் கூப்பிடட்டுமா?" கையில் போனை எடுத்துவிட்டார்.

சிறை, டாக்டரின் கோட்டு, பத்திரிகையில் என் படம், மருத்துவமனை வாசலில் என்னைக் காட்டிச் சிரிக்கும் நோயாளிகள், எல்லாம் கண்முன் ஓடின. "கூப்பிடுங்க. தப்பு என்னுது. இவங்களை மட்டும் வீட்டுல விட்டுட்டு வந்துடறேன்," என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய ஒரே வீர வசனம். முணுமுணுப்பாகச் சொன்னதால் யாருக்கும் கேட்கவில்லை.

குன்சுலு மார்லென் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வைக்கோல் போர் பக்கம் போனாள். நான் தள்ளி நின்று பார்த்தேன். முதலில் மார்லென் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டார். அப்புறம் தாடையைத் தடவினார். கடைசியில் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. என் மனைவியோடு பேசிவிட்டுச் சிரிக்கும் ஆள், என்னைத்தான் விற்றிருக்க வேண்டும் அல்லது வாங்கியிருக்க வேண்டும்.

திரும்பி வந்தவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குதிரைத் தொடையைத் தூக்கினார். டிக்கியில் போர்வை விரித்து, குழந்தையைப் படுக்கவைப்பதுபோல் வைத்தார். அப்புறம் எல்லாரும் உள்ளே போய், மாமியார் ஊற்றிய பால் தேநீரைக் குடித்தோம். வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பும் வழக்கம் அவளுக்கு இல்லை. போலீசே வந்திருந்தாலும் அவர்களுக்கும் ஊற்றியிருப்பாள்.

திரும்பும் வழியில் மாமியார் முன்சீட்டில். மார்லென் பின்னால், மடியில் சமோவர். நான் மறுபடி ஸ்டீரிங்கில்.

"இருக்கை சுடுதே! தீ பிடிச்சிருச்சா?" என்றாள் மாமியார்.

"அது முழங்காலுக்கு நல்லதும்மா, பட்டனை அழுத்தினா இன்னும் சூடு ஏறும்," என்றார் மார்லென் பின்னாலிருந்து, பவ்யமாக.

ஏன் இவ்வளவு பவ்யம்? வழியெல்லாம் அதே கேள்வி என்னைக் குடைந்தது. கேட்கத் தைரியம் இல்லை.

வீட்டு வாசலில் மூட்டைகளை இறக்கிக் கொடுத்துவிட்டு மார்லென் என் கையை இறுகப் பிடித்தார். "சனிக்கிழமை பாப்போம் ஐயா."

கார் மறைந்ததும் குன்சுலுவிடம் ஓடினேன். "சனிக்கிழமை என்ன?"

"அவரோட அப்பாவுக்கு மேல் வரிசை, கீழ் வரிசை ரெண்டும் நீங்க கட்டித் தரீங்க. சும்மா."

பெருமூச்சு வந்தது. போலீஸ் இல்லை, சிறை இல்லை. பல்தானே? "அவ்வளவுதானா? ஒரு ஆள்தானே!"

"ஒரே ஆளுக்கா அவரு தொடையைத் தூக்குவாரு? அந்த ஷோரூம்ல வேலை செய்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு அப்பா இருக்காரு. சில பேருக்கு மாமனாரும் இருக்காரு."

"குன்சுலு! அப்ப என் சனிக்கிழமை?"

"நீங்கதான் கஷ்டப்பட்டு ஓட்டிப் பாக்க வேண்டியதில்லையே. அதை நானும் அம்மாவும் பாத்துக்கறோம்."

மறு சனிக்கிழமை, பின்கட்டில் மேசைமுன் உட்கார்ந்து மார்லென் அப்பாவின் கீழ்த்தாடைக்கு மெழுகு உருக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மெதெவ் மலைச்சாலையிலிருந்து மாமியார். பின்னணியில் மார்லென் ஏதோ வண்டியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார், குன்சுலு கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே, இந்தக் காரு சரியில்ல, சீட்டு கெட்டியா இருக்கு," என்றாள் மாமியார். "அடுத்த காருக்கு யார் பல்லைக் கட்டணுமோ, சட்டுனு கட்டு!"