கள்ளுக்கடையில் இறங்கிய அருள்வாக்கு

கடவுள் கெடா மாநிலத்துத் திகாம் பத்துவுக்கு வந்துவிட்டார். வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேசுவாராம். கார் நிறுத்த இடம் உண்டாம்.

பேசும் இடம் ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பூட்டிக் கிடந்த பழைய கள்ளுக்கடை. சுண்ணாம்பு அடித்து, 'சர்வமத அருள்வாக்கு மண்டபம்' என்று பலகை மாட்டிவிட்டார்கள். அந்தக் கடைக்குள் போனவன் முன்பும் தெளிவாக வெளியே வந்ததில்லை. இப்போதும் அப்படித்தான்.

பேசுகிறவர் வாக்கருள் ஐயா. அசல் பெயர் யோகேந்திரன். பண்டார் பாருவில் பழைய டயர் விற்றவர். சில வருஷம் காணாமல் போய், தாடியோடு திரும்பி வந்தார். இவருக்கு ஒரு தெய்வம் போதவில்லை. இந்து வந்து உட்கார்ந்தால் அம்மன் இவர் உடம்பில் இறங்குவாள். கிறிஸ்துவர் வந்தால் பரிசுத்த ஆவி இவர் வாயால் பேசும். முஸ்லிம்கள் பக்கம் மட்டும் ஐயா எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் கடைசி நபியிடம் இறைவன் சொல்லி முடித்துவிட்டான் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்குப் பிறகும் 'எனக்கும் வந்தது' என்று எவனாவது கிளம்பினால் கூப்பிட்டு விசாரிக்க அவர்களுக்கு மத இலாகா இருக்கிறது. நம்மிடம் அது இல்லை. எவன் தாடி வளர்த்தாலும் பாய் விரித்து உட்கார்ந்து கேட்போம்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். தொழிற்சாலைச் சீருடையோடு வந்தவர்கள், கைக்குழந்தைக்காரிகள், படித்தவர்கள். வழக்கறிஞர் ஒருவர் காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்து நடந்து வந்தார். தாலி தவிர வேறு தங்கம் உடம்பில் இருந்தால் வாக்கு தடைபடுமாம். வாசலில் ஒரு வெள்ளித் தாம்பாளம். சங்கிலி, வளையல், மோதிரம் எல்லாம் அதில் விழும். விழுந்ததில் கொஞ்சம் 'காணிக்கை' ஆகிவிடும். எது ஆகும் என்பதையும் தெய்வமே சொல்லும். தெய்வத்துக்குக் கனமான சங்கிலிதான் பிடிக்கும்.

வெளியே கூடாரத்தில் ரூபினி என்றொரு பெண் எல்லோருக்கும் மோர் கொடுப்பாள். கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"எந்தத் தோட்டம்க்கா?"

போதும். கெடாத் தமிழனிடம் எந்தத் தோட்டம் என்று கேட்டுப் பாருங்கள். எந்த டிவிஷன், எந்த லயத்து வீடு, தாத்தா பெயர், அத்தை யாரோடு ஓடிப் போனாள், தம்பி எதனால் செத்தான், எந்தக் கோயிலில் என்ன வேண்டுதல் பாக்கி, எல்லாம் வந்துவிடும். போலீஸ் அடித்துக் கேட்டாலும் சொல்லாததை ஒரு டம்ளர் மோருக்குச் சொல்லுவான். எல்லாம் கேட்ட ரூபினி, கற்பூரம் வைக்க உள்ளே போவாள். கொஞ்ச நேரத்தில் அதே கதையை மைக்கில் தெய்வம் சொல்லும். சொன்னவனே கேட்டு அழுவான்.

இப்படி அழுதவர்களில் ஒருத்தி குணவதி. சுங்கை பட்டாணி ஊரில் தொழிற்சாலை வேலை. மார்பில் கட்டி. ஆஸ்பத்திரியில் இரண்டு வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அறுவைச் சிகிச்சை என்று தேதி கொடுத்திருந்தார்கள். "கத்தி படக்கூடாது மகளே, கட்டியை நானே கரைச்சுக்கிட்டு இருக்கேன்" என்று அம்மன் சொல்லிவிட்டாள். குணவதி போகமாட்டேன் என்றாள்.

அவளுடைய தாய்மாமன் பக்கிரிசாமி, மரலாரி ஓட்டியவர். கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார்.

"அம்மா ஆப்பரேஷன் மேசையிலயே செத்தாங்க மாமா. அது ஐயாவுக்கு எப்படித் தெரியும்? சாமி சொல்லாம எப்படித் தெரியும்?"

"உள்ள போறதுக்கு முன்ன யார்கிட்டயாச்சும் பேசுனியா?"

"யார்கிட்டயும் இல்ல. மோர் குடுத்த அக்காகிட்டதான். அவங்களும் நம்ம தோட்டம்தானாம்லா."

பக்கிரிசாமிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நேரே பக்கத்து வீட்டு ஞானம்மாவிடம் போனார். யாழ்ப்பாணத்து வம்சம், பிறந்ததிலிருந்து கிறிஸ்துவச் சபை, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர். விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வேதத்தில் கடவுள் யாரிடம் பேசினாலும் அந்த ஆள் நடுங்கியிருக்கிறான், எனக்குப் பேச வராது, வேறு ஆளை அனுப்பு என்று கெஞ்சியிருக்கிறான் என்றார். கூட லாரி ஓட்டிய மலாய்க்கார நண்பர் சொன்னது பக்கிரிசாமிக்கு ஞாபகம் வந்தது. அவர்கள் நபியும் முதல் வாக்கு வந்தபோது வீட்டுக்கு ஓடி வந்து, போர்த்திவிடச் சொன்னாராம். அர்ச்சுனன் விசுவரூபம் பார்த்துக் கைகால் உதறியது நமக்கே தெரியும்.

"நம்ம ஐயா மட்டும் மைக்கை ஊதிப் பாக்குறாரு டீச்சர்" என்றார் பக்கிரிசாமி.

அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் கிளம்பினார்கள். ஞானம்மா நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. பொய்யனைப் பிடிக்கப் போவதால் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று அவரே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். பக்கிரிசாமி கழுத்தில் இரவல் பித்தளைச் சிலுவை, முழுக்கைச் சட்டை. குணவதியைத் தனியாக வரச் சொல்லி, பின் வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்து பார், அப்புறம் உன் இஷ்டம் என்று சொல்லியிருந்தார்.

ரூபினி மோரோடு வந்தாள். எந்தத் தோட்டம் என்றாள். பாடாங் மேஹா என்றார் ஞானம்மா. மாரியம்மனுக்கு வருஷா வருஷம் தீச்சட்டி எடுத்தவளாம், புருஷன் போனபின் விட்டுவிட்டாளாம். பக்கிரிசாமி தான் ஞானஸ்நானம் வாங்கியவன் என்றும், கொஞ்ச நாளாகச் சபைக்குப் போகவில்லை என்றும் சொல்லி மூக்கை உறிஞ்சினார். ரூபினி கற்பூரம் வைக்கப் போனாள்.

முதலில் ஞானம்மா. ஐயா உடம்பை முறுக்கினார், நாக்கைக் கடித்தார், ஆடினார்.

"பாடாங் மேஹா எல்லையில எனக்குத் தீச்சட்டி தூக்குனவளே! புருஷன் போனதும் என்னை மறந்துட்டியேடி!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடுத்து பக்கிரிசாமி. ஐயா ஆட்டத்தை நிறுத்தி, கண்ணை மூடி, குரலைத் தேன்போல ஆக்கினார். வழி தப்பிய ஆடே, ஆவியானவர் உன்னைச் சபைக்குத் திரும்ப அழைக்கிறார் என்றார்.

பக்கிரிசாமி சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கை வரைக்கும் பச்சை குத்திய வேல், கீழே 'முருகா துணை'. பக்கத்தில் ஞானம்மா பொட்டை அழித்துவிட்டுக் கைப்பையிலிருந்து பைபிளை எடுத்தார். தன் சபையின் பெயரையும் சொன்னார்.

டயர் விற்றவர் இலேசில் மடங்குவாரா? சிரித்தார். எல்லாச் சாமியும் ஒன்றுதான், எந்த வழியாக வந்தால் என்ன, உங்களைச் சோதிக்கத்தான் மாறி வந்தது என்றார். கூட்டமும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. ஒரு பொய்யை நம்பிவிட்டால் அதற்குக் காரணம் கண்டுபிடிக்கும் வேலையையும் நாமே செய்து கொடுத்துவிடுகிறோம்.

"ஒண்ணாவே இருக்கட்டும் தம்பி" என்றார் ஞானம்மா. "நான் தீச்சட்டியே தூக்குனதில்ல. தூக்காத சட்டியை உங்க சாமி எப்படிப் பார்த்துச்சு? அது இந்தப் பிள்ளைகிட்ட நான் சொன்ன பொய்."

எல்லோரும் ரூபினியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நின்ற இடம் காலி.

பின் வரிசையில் குணவதி எழுந்து நின்றாள்.

"அப்ப என் கட்டி கரையுதுன்னு சொன்னது?"

ஐயா மைக்கைக் கீழே வைத்தார். அது கரகரத்தது.

"சொல்லுங்க ஐயா. அதை யார் சொன்னா?"

பத்து தெய்வம் இறங்கிய வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு ஐயா பின்வாசலைத் தேடினார். அதற்குள் வழக்கறிஞர் தாம்பாளத்தைக் கட்டிப் பிடித்துத் தன் மோதிரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். தப்பி ஓடப் பார்த்த ஐயாவைத் தோட்டத்துப் பையன்கள் போலீஸ் வரும்வரை வேட்டியைப் பிடித்து நிறுத்தி வைத்தார்கள். அப்போதும் ஒரு பெண்மணி, ஆள் பொய்யாக இருந்தாலும் விபூதி நிஜம்தானே, கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாள். அவளை என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை குணவதி பயந்துகொண்டேதான் போனாள். கட்டியை எடுத்தார்கள். டாக்டருக்கு அருள் எதுவும் வரவில்லை. கேட்டார், தொட்டுப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். முழுக்கக் குணமாகுமா என்று அவள் கேட்டதற்கு, இப்போது சொல்ல முடியாது, சிகிச்சை செய்து பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

எனக்குத் தெரியாது என்று சொல்லத் தெரிந்தவனை நம்புங்கள். எல்லாம் தெரியும் என்கிறவன் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றிக்கொள்ளுங்கள். மண்டையையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள்.