காரணம்: தாய்

உலக மனநல வரலாற்றில் புதுச்சேரிக்கு ஓர் இடம் உண்டென்றால், அது உப்பளம் பகுதியில் டாக்டர் ராஜாங்கம் நடத்திய ‘மனோ ஆய்வு நிலைய’த்துக்கும், அதன் ஒரே குமாஸ்தாவான எனக்கும் உரியது. 1978-லேயே மனச்சிதைவு நோயின் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். அம்மாதான்.

டாக்டர் பாரீசில் படித்தவர். பிள்ளையைக் கொஞ்சிய தாய், மூச்சுத் திணறடித்தவள். கொஞ்சாத தாய், உறைய வைத்தவள். இரண்டும் இல்லை என்பவள் மறைக்கிறாள். தப்பிக்கச் சந்தே இல்லாத இப்படியொரு விஞ்ஞானத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒவ்வொரு ஃபைலிலும் ‘காரணம்’ என்ற கட்டத்தில் எழுதிக் கை வலித்ததால், ‘தாய்’ என்று ரப்பர் ஸ்டாம்பு செய்துகொண்டேன். ‘நிர்வாகச் சீர்திருத்தம்’ என்று டாக்டர் பாராட்டினார்.

நெல்லித்தோப்பிலிருந்து இருதயமேரி வந்தாள். மில் தொழிலாளியின் விதவை. மகன் அல்போன்ஸுக்கு இருபத்திரண்டு வயது. யாரோ காதுக்குள் திட்டுகிறார்கள் என்றான். சோற்றில் விஷம் என்று தட்டைத் தள்ளினான். எலும்பும் தோலுமாக இருந்தான்.

“சின்ன வயசுல இவனை என்ன பண்ணீங்க? மறைக்காம சொல்லுங்க,” என்றார் டாக்டர், கண்களை மூடிக்கொண்டு.

கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தே பழகியவள். சட்டென்று முழங்காலிட்டாள்.

“பால் மறக்கடிக்க வேப்பெண்ணெ தடவுனேன் சாமி. பரிகாரமா எத்தினி அருள்நெறஞ்ச மந்திரம் சொல்லணும்?”

டாக்டர் துள்ளி எழுந்தார். “கசப்பு! அந்தக் கசப்புதான் இன்னிக்கு விஷமாத் தெரியுது! வியாழக்கிழமை வாங்க.”

வியாழன்தோறும் வந்தாள். பாவத்தைச் சொல்லிவிட்டால் பிள்ளை சாப்பிடுவான் என்று நம்பினாள். ஆறாவது வாரம் சரக்கு தீர்ந்துபோயிற்று. வெறுங்கையோடு வரலாமா? பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாளிடம் இரண்டு பாவம் இரவல் வாங்கி வந்தாள்: பிள்ளையைத் தூணில் கட்டியது, இருட்டறையில் பூட்டியது. அவற்றை வைத்து டாக்டர் பதினெட்டுப் பக்கக் கட்டுரை எழுதினார்.

இரவல் விஷயத்தை என்னிடம் மட்டும் சொன்னாள்.

“குஞ்சம்மா பையன் எப்படி இருக்கான்?”

“அவனுக்கின்னா சார்? போலீசுல செவப்புத் தொப்பி போட்டுக்கினு நல்லா இருக்கான்.”

டாக்டரிடம் சொன்னேன். “அவனுக்கு நோய் இன்னும் வெளியே வரலை,” என்றார்.

எட்டு மாதத்தில் அல்போன்ஸால் நிற்கவும் முடியவில்லை. “எல்லாப் பாவத்தையும் சொல்லிட்டேன் சாமி. புள்ளதான் துன்ன மாட்டேங்குறான்,” என்று அழுதாள். அடுத்த வியாழன் அவள் வரவில்லை. மகனைத் தாங்கிப் பிடித்து, பஸ் ஏற்றி, கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். அங்கே யாரும் வேப்பெண்ணெயைப் பற்றி விசாரிக்கவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். வேளாவேளைக்கு முதல் கவளத்தைத் தான் தின்று காட்டி, அவனைச் சாப்பிட வைத்து, மாத்திரையும் கொடுத்தாள்.

ஐந்து மாதம் கழித்து, தாயும் மகனும் நடந்தே வந்தார்கள். அல்போன்ஸுக்குக் கன்னத்தில் சதை வைத்திருந்தது.

“கொரலு எப்பவாச்சும் கேக்குது சார். ஆனா முன்ன மாரி கத்துறதில்ல,” என்றான்.

“நம்ம ஆய்வு பலிச்சிடுச்சு! ஃபைலை முடிங்க,” என்றார் டாக்டர், பேனாவைத் திறந்தபடி.

கடைசிக் கட்டம்: ‘குணமானதற்குக் காரணம்’. அவர் தம் பெயரை எழுதக் குனிவதற்குள், பழக்கதோஷத்தில் என் கை ஸ்டாம்பைக் குத்திவிட்டது.

தாய்.

அன்றே என்னை வேலையிலிருந்து நீக்கினார். குற்றம்: ‘ஆதாரமில்லாமல் காரணம் பதிந்தது.’ நியாயம்தான். அந்தக் குற்றத்தை நான் இருநூற்றுப் பன்னிரண்டு ஃபைல்களில் செய்திருக்கிறேன். என்னை வெளியே அனுப்பியதோ, அதைச் செய்யாத ஒரே கட்டத்துக்காக.